எம்டிஎஸ் மட்டும் போதும் என்ற பிழை

எச்டி கேம்கார்டரில் எடுத்த காட்சியை எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவருவதற்கு வீடியோ தொழிலில் ஒரு குறுக்குவழி நிலைபெற்றுவிட்டது. மெமரி கார்டைக் கணினியில் சொருகி, பிரைவேட், ஏவிசிஎச்டி, பிடிஎம்வி என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய ஃபோல்டர்களைத் தாண்டி, ஸ்ட்ரீம் என்ற ஃபோல்டருக்குப் போவது. அங்கே கிடக்கும் எம்டிஎஸ் என்ற வீடியோ கோப்புகளை மட்டும் வெட்டி ஹார்ட் டிஸ்க்கில் ஒட்டுவது. ஒரு கன்வெர்ட்டரில் போட்டு எல்லாவற்றையும் எம்பி4 ஆக்குவது. கார்டை ஃபார்மட் அடித்து அடுத்த வேலைக்குக் கொடுப்பது. திருவள்ளூர்க் கல்யாண மண்டபத்தில் எடுத்த படமானாலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலைக்குள் எடுத்த படமானாலும் இதே வழிதான் பரிந்துரைக்கப்படுகிறது. மற்ற ஃபோல்டர்கள் குப்பை, எம்பி4 ஆக்குவதால் ஒன்றும் கெடாது, எம்பி4 ஆக்கினால்தான் எடிட்டிங் தங்குதடையின்றி ஓடும் என்ற நம்பிக்கைகள் இதைத் தாங்கி நிற்கின்றன. இவற்றில் ஒன்றுகூடப் பரிசோதனையைத் தாங்காது.

இந்தப் பழக்கத்தின் வேர் கேசட் காலத்தில் இருக்கிறது. கேனான், ஜேவிசி, ஷார்ப், சோனி ஆகிய நிறுவனங்கள் 2003-இல் அறிவித்த எச்டிவி முறை, முன்பிருந்த மினிடிவி கேசட்டிலேயே எச்டி படத்தைப் பதிவு செய்தது. ஃபயர்வயர் கம்பியைக் கேமராவிலிருந்து கணினிக்கு இணைத்து, கேசட்டை ஓடவிட்டு, கேப்சர் செய்ய வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். கணினியில் வந்து சேர்வது கோப்பு மட்டும்தான். அதோடு ஃபோல்டரோ பட்டியலோ எதுவும் கிடையாது. கோப்பு பழுதானாலும், தவறி அழிந்தாலும் யாரும் கலங்கவில்லை. ஏனென்றால் கேசட் அலமாரியில் இருந்தது. அதன் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்திவிட்டால் மேலே வேறெதுவும் பதிவாகாது. மூலம் என்பது கேசட், கணினியில் இருப்பது வேலைக்கான பிரதி என்ற பாகுபாடு யாரும் சொல்லித்தராமலே காப்பாற்றப்பட்டது.

2006-இல் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஎச்டி முறையைக் கொண்டுவந்தபோது இந்தப் பாகுபாடு ஓசையில்லாமல் மறைந்தது. கேசட்டின் இடத்துக்கு மெமரி கார்டு வந்தது. கார்டு மறுநாள் வேலைக்கு வேண்டும். அதை அலமாரியில் வைக்க முடியாது. ஆக, கணினிக்கு இறக்கிய நொடியிலிருந்து அந்தப் பிரதியே மூலம் ஆகிவிடுகிறது. கேசட்டுக் காலத்துப் பிரதிக்குக் காட்டிய அலட்சியத்தைக் கார்டுக் காலத்து மூலத்துக்கும் காட்டுவதுதான் எம்டிஎஸ் மட்டும் போதும் என்ற நம்பிக்கையின் அடிப்படைக் கோளாறு. ஐம்பது கேசட்டுகளை அடுக்கி வைத்திருந்த ஒரு ஸ்டூடியோவால் தன் பழைய வேலை எதையும் மறுபடி எடுத்துப் பார்க்க முடிந்தது. அதே ஸ்டூடியோவின் பிற்கால வேலைகள் தேய்ந்த எம்பி4 கோப்புகளாக மட்டுமே மிஞ்சுகின்றன.

குப்பை என்று தள்ளப்படும் ஃபோல்டர்களில் இருப்பது என்ன? ஏவிசிஎச்டி கார்டில் ஸ்ட்ரீம் ஃபோல்டருக்குப் பக்கத்தில் கிளிப்இன்ஃப், பிளேலிஸ்ட் என்ற இரண்டும், இண்டெக்ஸ் கோப்பு ஒன்றும் இருக்கும். கிளிப்இன்ஃப் ஃபோல்டரில் ஒவ்வொரு எம்டிஎஸ் கோப்புக்கும் இணையாக ஒரு சிறு விவரக் கோப்பு உண்டு. படத்தின் எந்த நேரப்புள்ளி கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. எந்தக் கோப்பும் எந்தக் கோப்பும் சேர்ந்து ஒரே ஷாட் என்பது பிளேலிஸ்டில் இருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து மொத்தமே சில எம்பிதான். 32 ஜிபி கார்டில் அது கணக்கிலேயே வராது. இவ்வளவு சிறியதை விட்டுவிட்டு எந்த இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதற்குக் குறுக்குவழிக்காரர்களிடம் பதில் இல்லை.

மற்ற முறைகளில் இழப்பு இன்னும் கூடும். பானசோனிக்கின் பி2 கார்டில் படம் ஒரு ஃபோல்டரிலும் ஒலி வேறொரு ஃபோல்டரிலும் தனித்தனிக் கோப்புகளாகப் பதிவாகின்றன. வீடியோ என்று பெயர் போட்டிருப்பதை மட்டும் எடுத்து வந்தவருக்குக் கையில் ஊமைப்படம்தான் இருக்கும். சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் கார்டில் கிளிப்புகள் ஏற்கெனவே எம்பி4-ஆகவே இருப்பதால், அங்கே குறுக்குவழி அவ்வளவாக அடிபடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. கிளிப் பற்றிய விவரங்கள் அதில் இருக்கின்றன. மேக் கணினிகள் ஏவிசிஎச்டி ஃபோல்டர் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் காட்டுவதும், ஃபைனல் கட் புரோவின் பழைய பதிப்புகள் ஃபோல்டர் அமைப்பு குலைந்த கார்டை ஏற்க மறுத்ததும் காரணமில்லாமல் அல்ல. கார்டில் இருப்பது ஒரே பதிவு. கிளிப்புகள் அதன் உறுப்புகள்.

இதன் விளைவு எங்கே வெளிப்படுகிறது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டமே நல்ல களம். 2006 செப்டம்பர் 14-ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய திட்டங்களுக்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்கிறது. அதன் நான்காம் பின்னிணைப்பு, கூட்டத்தின் நடவடிக்கை முழுவதையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வீடியோவில் பதிவு செய்ய ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், வீடியோ கேசட்டின் பிரதியையோ ஒரு சிடியையோ கூட்ட நடவடிக்கைக் குறிப்போடு இணைத்து அனுப்ப வேண்டும் என்றும் விதிக்கிறது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் இரும்பு ஆலைகளும் நெருங்கிய இந்த மாவட்டத்தில் இந்தக் கூட்டங்கள் வெறும் சடங்கு அல்ல. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்துப் பின்னர் தள்ளிவைக்கப்பட்ட கூட்டத்துக்கு, பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் கிராமங்கள் எவ்வளவு பதைப்போடு காத்திருந்தன என்பது ஊர் அறிந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு.

இனி கணக்கைப் பார்க்கலாம். ஏவிசிஎச்டியின் உயர்தரப் பதிவு நொடிக்கு 24 மெகாபிட், அதாவது 3 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜிபி. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பயன்படுத்தும் ஃபேட்32 அமைப்பில் எந்த ஒரு கோப்பும் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் கேமரா நிற்காமல் ஓடினாலும் சுமார் 24 நிமிடத்துக்கு ஒருமுறை கோப்பை மூடிப் புதிய கோப்பைத் தொடங்குகிறது. 2 ஜிபியிலேயே உடைக்கும் கேமராக்களில் இது 12 நிமிடத்துக்கு ஒருமுறை. 4 ஜிபி கணக்கில் மூன்று மணி நேரக் கூட்டம் எட்டுத் துண்டாகிவிடும். ஏழு இணைப்புகள் வரும். கேமராவைப் பொறுத்தவரை இவை எட்டுத் தனிப்படங்கள் அல்ல. ஒரு துண்டின் கடைசிப் பிரேம்களுக்கு வேண்டிய விவரமோ ஒலியின் ஒரு சிறு கீற்றோ அடுத்த துண்டின் தொடக்கத்தில் இருக்கலாம். அடோபி பிரீமியர் புரோவின் மீடியா பிரவுசர் வழியாக முழு ஃபோல்டரைத் திறந்தால், மென்பொருள் இந்த எட்டையும் ஒரே நீண்ட கிளிப்பாகக் காட்டுகிறது. எம்டிஎஸ் கோப்புகளைத் தனித்தனியாக இழுத்துப் போட்டாலோ, தனித்தனியாக எம்பி4 ஆக்கினாலோ, ஒவ்வொரு இணைப்பிலும் சில பிரேம் அளவுக்கு ஒலி அறுந்துபோவதும் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்பதும் தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே.

கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் நாதஸ்வரப் பாட்டை ஏற்றி மறைத்துவிடலாம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. பேசிக்கொண்டிருப்பவரின் சொல் நடுவில் அறுந்தால், அந்தப் பதிவைப் பார்க்கும் எவரும் இங்கே வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். வெட்டவில்லை என்று நிரூபிக்க வழி கார்டின் முழுப் பிரதி ஒன்றுதான்; அதைத்தான் குறுக்குவழி அழித்துவிட்டது. அறிவிக்கை குறிப்பிடும் சிடியையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரு சிடியின் கொள்ளளவு 700 எம்பி. மூன்று மணி நேர எச்டி பதிவோ 32 ஜிபியைத் தொடும். சிடியில் அடங்குவது கசக்கிப் பிழிந்த பிரதியாகத்தான் இருக்க முடியும். அதை அனுப்புவதில் தவறில்லை. அது மட்டுமே மிஞ்சுவதுதான் தவறு.

நீதிமன்றத்துக்குப் போகும் பதிவுகளிலும் நிலைமை இதுவே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவோடு சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. அதற்கான படிவத்தில் பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணையும், நிரப்ப வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். கன்வெர்ட் செய்த எம்பி4-இன் ஹாஷ் கார்டில் இருந்த கோப்பின் ஹாஷோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. ஓர் ஆலை விபத்துக்குப் பிந்தைய இடத்தையோ, ஏரிக்கரை ஆக்கிரமிப்பையோ படம்பிடித்தவர் கையில் எம்பி4 மட்டும் இருந்தால், அது எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதை வாய்மொழியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஏவிசிஎச்டி கேமராக்கள் பதிவான நாளையும் நேரத்தையும் படத்தோடு சேர்த்தே எழுதுகின்றன. கன்வெர்ட்டர்கள் பொதுவாக அதையும் உதிர்த்துவிடுகின்றன.

கோப்புப் பெயர் பற்றியும் ஒரு சொல். ஏவிசிஎச்டி கேமரா தன் முதல் கோப்புக்கு 00000 என்ற எண்ணை இடுகிறது. கார்டை ஃபார்மட் செய்தபின் பல கேமராக்கள் மீண்டும் அதே எண்ணிலிருந்து தொடங்கும். இரண்டு கேமராக்கள், நான்கு கார்டுகள் கொண்ட ஒரு நாள் வேலையில் நான்கு 00000 கோப்புகள் உருவாகிவிடும். ஸ்ட்ரீம் ஃபோல்டரில் இருந்து எடுத்து ஒரே இடத்தில் கொட்டினால் ஒன்று மற்றொன்றின் மேல் எழுதப்படும். எழுதப்படாமல் தப்பினாலும், பின்னொரு நாள் கோப்புகள் இடம் மாறி, மென்பொருள் இணைப்பைத் தேடும்போது, முகூர்த்தத்தின் இடத்தில் வரவேற்பின் காட்சி வந்து உட்காரும்.

எம்பி4 ஆக்குவதால் ஒன்றும் கெடாது என்ற வாதத்துக்கு வரலாம். இதில் இரண்டு வேறு செயல்கள் ஒரே பெயரில் குழம்பிக் கிடக்கின்றன. எம்பி4 என்பது பெட்டி. உள்ளே இருக்கும் எச்.264 என்ற சுருக்கம்தான் சரக்கு. எம்டிஎஸ் கோப்பின் உள்ளேயும் அதே எச்.264தான் இருக்கிறது. சரக்கைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றவும் முடியும். எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவிகள் சில நிமிடங்களில் அதைச் செய்துவிடும், படத் தரம் ஒரு துளியும் குறையாது. ஆனால் ஹேண்ட்பிரேக் போன்ற வழக்கமான கன்வெர்ட்டர்கள் செய்வது அதுவல்ல. அவை படத்தை முழுவதும் விரித்து, மறுபடி புதிதாகச் சுருக்குகின்றன. கேமரா ஏற்கெனவே நிறத்தில் பாதிக்குமேல் விட்டுவிட்டுப் பதிவு செய்த 8 பிட் படத்திலிருந்து இன்னொரு முறை பிடுங்குகின்றன. கன்வெர்ட் செய்ததும் கோப்பு மூன்றில் ஒன்றாகச் சிறுத்துவிட்டது, ஆனாலும் படம் அப்படியே இருக்கிறது என்று மகிழ்கிறவர்கள், மீதி இரண்டு பங்கு எங்கே போயிற்று என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு உடனே தெரியாதது இழப்பே இல்லை என்று ஆகாது. எடிட்டிங்கில் வெளிச்சம் கூட்டும்போது, நிறம் திருத்தும்போது, மறுபடி எக்ஸ்போர்ட் செய்யும்போது, யூடியூபோ வாட்ஸ்அப்போ கடைசியாக ஒருமுறை சுருக்கும்போது அது கட்டங்கட்டமாக வெளியே வரும்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்து இரும்பு உருட்டாலைகளின் படத்தில் இந்தச் சேதம் மிக வெளிப்படையாகத் தெரியும். இருண்ட கூடம், நடுவில் செக்கச்சிவந்த இரும்பு, சிதறும் தீப்பொறி, அலையும் புகை. சுருக்கும் முறைகளுக்கு இதைவிடக் கடினமான காட்சி இல்லை எனலாம். ஏனென்றால் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் பொதுவாக இருப்பதை வைத்தே அவை இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. பொறியிலும் புகையிலும் அப்படிப் பொதுவானது எதுவும் இல்லை. இரண்டாம் சுருக்கத்தில் பொறிகள் மங்கிப் புள்ளியாகும், புகை சதுரம் சதுரமாக உடையும்.

அசைவிலும் இழப்பு உண்டு. இந்தியாவில் வழக்கமான 50ஐ பதிவில் கேமரா நொடிக்கு 50 அரைப்படங்களை, ஒன்றுவிட்ட வரிகளாக, வெவ்வேறு கணங்களில் எடுக்கிறது. கன்வெர்ட்டர் இதை 25 முழுப்படமாகக் கலக்கும்போது பாதிக் கணங்கள் தொலைகின்றன. உருட்டாலையில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் கம்பி என்று கொண்டால், 50 கணங்களில் அது 20 சென்டிமீட்டருக்கு ஒருமுறை பிடிபடும். 25 ஆனால் 40 சென்டிமீட்டருக்கு ஒருமுறை. கம்பி தடம் மாறித் துள்ளிய கணத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க விரும்பும் பராமரிப்புப் பொறியாளருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம். மூலத்தை அப்படியே டைம்லைனுக்குக் கொண்டுவந்து, எச்டிக்கு உரிய மேல்வரி முதல் என்ற அமைப்பில் வைத்தால் 50 கணங்களும் கையில் இருக்கும். எச்டிக்கு முந்தைய மினிடிவி கேசட் கால புராஜெக்ட் அமைப்பில் கீழ்வரி முதல் என்று இருக்கும். அதிலேயே எச்டி காட்சியைப் போடுபவர்கள் படம் நடுங்குவதைக் கண்டு கேமராவைக் குறை சொல்வது வீண்.

வெளிநாட்டுக் கேமராக்கள் இதை மேலும் சிக்கலாக்குகின்றன. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கேம்கார்டர் பெரும்பாலும் 60ஐ முறையில் பதிவு செய்யும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 60-க்கும் 100-க்கும் ஒத்துவராததால் படம் படபடக்கும். இரண்டு கேமராக்களையும் ஒன்றாக்குகிறேன் என்று எல்லாவற்றையும் 25 பிரேம் எம்பி4 ஆக்குபவர் அந்தத் துடிப்பையும், பிரேம் விட்டுப்போகும் தடுக்கலையும் நிரந்தரமாக்கிவிடுகிறார். மூலம் இருந்தால் டைம்லைனில் ஒருமுறை முயன்று, சரிவரவில்லை என்றால் வேறு வழியில் முயலலாம்.

எம்பி4 ஆக்கினால் எடிட்டிங் வேகமாகும் என்பதுதான் மிகப் பிடிவாதமான நம்பிக்கை. எம்டிஎஸ் ஏன் தடுக்குகிறது என்று தெரிந்தால் இது தானே விழுந்துவிடும். எச்.264 எல்லாப் பிரேமையும் முழுதாக வைப்பதில்லை. பெரும்பாலும் அரை நொடிக்கு ஒன்று போல முழுப் பிரேம் வரும். இடையில் உள்ளவை முன்னும் பின்னும் உள்ள பிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. நடுவில் ஒரு பிரேமைக் காட்ட வேண்டுமானால் கணினி முழுப் பிரேமுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். தடுக்கலுக்குக் காரணம் இதுவே. எம்பி4 ஆக்கிய பிறகும் உள்ளே இருப்பது அதே எச்.264, அதே கட்டமைப்பு. கன்வெர்ட்டர்கள் முழுப் பிரேம்களை இன்னும் அரிதாக்குவதும் உண்டு; அப்போது எடிட்டிங் முன்னைவிடத் தடுமாறும்.

உண்மையில் வேகம் தருபவை ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக முழுதாக வைக்கும் முறைகள்: ஆப்பிளின் புரோரெஸ், அவிடின் டிஎன்எக்ஸ்எச்டி. இவற்றுக்கு இடம் கூடுதலாக வேண்டும் என்ற ஆட்சேபம் நியாயமானது. 25 பிரேம் எச்டியில் புரோரெஸ் 422 நொடிக்கு 122 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி. சிறிய ஸ்டூடியோவுக்கு இது பாரம்தான். அதற்காகவே பிராக்ஸி என்ற இலகுவான தற்காலிகப் பிரதி ஏற்பாடு இருக்கிறது. புரோரெஸ் பிராக்ஸி மணிக்குச் சுமார் 17 ஜிபி. படத்தின் அளவைப் பாதியாக்கினால் இன்னும் குறையும். பிரீமியர், ஃபைனல் கட், இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் என எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. வெட்டுவதும் ஒட்டுவதும் பிராக்ஸியில் நடக்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானாகவே மூலத்துக்குத் திரும்பிவிடும். வேலை முடிந்ததும் பிராக்ஸியை அழித்துவிடலாம். எம்பி4 வழியில் மூலம் அழிகிறது, தேய்ந்த பிரதி தங்குகிறது. பிராக்ஸி வழியில் தேய்ந்த பிரதி அழிகிறது, மூலம் தங்குகிறது.

மாற்றம் தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு. கைபேசியில் எடுத்த கிளிப்புகளில் பிரேம் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால், நீண்ட பதிவுகளில் உதடும் குரலும் மெல்ல விலகிப்போகும். அவற்றை நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்வது சரியே; அதுவும் மூலத்தை வைத்துக்கொண்டு. கேம்கார்டர் நிலையான வேகத்தில் பதிவு செய்வதால் அதற்கு இந்தத் தேவை இல்லை. கைபேசிக்குச் சரியான மருந்து கேம்கார்டருக்கும் தரப்படுகிறது என்பதே நடப்பு. ஒரே கார்டில் இரண்டு நிமிட ஷாட்டுகளாக எடுத்து, அன்றே எடிட் செய்து, அன்றே கொடுத்துவிடும் வேலையில் குறுக்குவழியின் தீங்கு வெளியே தெரியாது. பெரும்பாலான வேலைகள் அப்படிப்பட்டவை என்பதால்தான் அது இத்தனை ஆண்டு பிழைத்திருக்கிறது.

நேரமில்லை என்பது கடைசி வாதம். முழுக் கார்டை இறக்குவதற்கும் எம்டிஎஸ்-ஐ மட்டும் இறக்குவதற்கும் ஒரு நிமிட வித்தியாசம்கூட வராது. கன்வெர்ட் செய்யும் மணிக்கணக்கு முற்றிலும் மிச்சம். கார்டின் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளிவிட்டுச் சொருகினால் எதுவும் அழியாது. நாள், ஊர், கேமரா, கார்டு எண் என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டருக்குள் கார்டின் மேல்மட்டத்திலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்ய வேண்டும். கட் வேண்டாம், பாதியில் கரண்ட் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். காப்பி சரியாக வந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. டெராகாப்பியின் சரிபார்ப்பும், டாவின்சி ரிசால்வின் மீடியா பக்கத்தில் உள்ள குளோன் கருவியும் மூலத்தையும் பிரதியையும் செக்சம் கொண்டு ஒப்பிட்டுச் சொல்லிவிடும்; ரிசால்வுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்தபின் மென்பொருளின் மீடியா பிரவுசரிலிருந்து இம்போர்ட் செய்து, தேவையானால் பிராக்ஸி உருவாக்கிக்கொள்ளலாம். கார்டை அதற்குப் பிறகே காலி செய்ய வேண்டும். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். கேமரா தனக்கு வேண்டிய ஃபோல்டர்களையும் இண்டெக்ஸையும் அப்போதுதான் கார்டில் ஒழுங்காக எழுதுகிறது. கணினியில் ஃபார்மட் செய்த கார்டில் பதிவு நடுவே நின்றுபோகும் ஆபத்தும் இதனால் தவிர்க்கப்படுகிறது.